காம்பில் குத்திய மாலை

இந்தத் தாள்கள் யார் கையில் கிடைத்தாலும், கும்பிட்டுக் கேட்கிறேன், யாரிடமும் காட்டாதீர்கள். முக்கியமாக என் அண்ணனிடம் கொடுத்துவிடாதீர்கள். விடிந்ததும் நானே இவற்றை அடுப்பில் போட்டுவிடுவேன். அதற்குள் எனக்கு ஏதாவது ஆகி இவை வெளியே வந்துவிட்டால், நீங்களே போட்டுவிடுங்கள். செத்துப்போன என் மதினிக்கு நான் எழுதுவது இது. வேறு யாருக்கும் இல்லை.

மதினி,

சாயங்காலம் காம்பஸ் எடுக்க என் தகரப் பெட்டியைத் திறந்தேன். பாவாடைகளுக்கு அடியிலிருந்து உன் வாசனை வந்தது. ஏலக்காய் வாசனை என்றுதான் எழுத வேண்டும். ஆனால் போடியில் ஏலக்காய் மணக்காத தெரு எது? மூக்குக்குப் பழகிப்போய் இங்கே யாரும் அதைக் கவனிப்பதே இல்லை. இது அப்படி இல்லை. கொஞ்சம் ஈரத்துணி, கொஞ்சம் நூல், கொஞ்சம் உன் கை. பெட்டிக்குள் இத்தனை மாதமாக மூச்சடக்கி இருந்துவிட்டு ஒரே நொடியில் என் முகத்தில் ஏறியது.

உன் நீல ரவிக்கைத் துணியில் சுற்றிக் கொடுத்தாயே, அந்த மாலைதான். "பத்தாவது பாசாகுற அன்னைக்குப் போட்டுக்க. அதுக்கு முன்னாடி தொட்டேன்னா கையை ஒடிப்பேன்" என்றாய். இன்னும் பரீட்சையே வரவில்லை. எடுத்துவிட்டேன். இப்போது அது என் மடியில் இருக்கிறது.

நாளைக் காலையில் நான் ஓர் இடத்துக்குப் போக வேண்டும். அங்கே போய் நின்றதும் என் நாக்கு ஒட்டிக்கொள்ளும். வகுப்பில் எழுந்து செய்யுள் ஒப்பிக்கவே எனக்கு வராது, உனக்குத் தெரியும். அதனால் எல்லாவற்றையும் முதலில் உன்னிடம் சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன். நீ குறுக்கே பேசாமல் கேட்கப்போவது இதுதான் முதல் தடவை.

நீ இந்த வீட்டுக்கு வந்தபோது நான் ஏழாவது படித்தேன். அப்பாவும் அம்மாவும் இல்லாத வீடு. அண்ணனும் நானும் மட்டும். போடிமெட்டுக்கு மேலே எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்த பெண் என்று தெருவில் உன்னை வேடிக்கை பார்த்தார்கள். சோறு வைத்தால் போதும் என்று சொல்லாமல் "மதி, மதி" என்பாய். மலையாளத்துக்காரர்களோடு வளர்ந்த பழக்கம். நான் உன்னை "வாங்க மதினி, சாப்பிடுங்க மதினி" என்று கூப்பிட்டேன். "யாரைடி வாங்க போங்கங்கிற? நான் என்ன தாசில்தாரா?" என்று என் காதைத் திருகினாய். அன்றிலிருந்து நீ எனக்கு நீதான்.

அண்ணன் அப்போதே தொழில் தேடிக்கொண்டிருந்தான். அவன் சோம்பேறி என்று நான் எழுத மாட்டேன். பஸ் ஸ்டாண்டில் லோடு இறக்கி என்னைப் படிக்க வைத்தவன் அவன். ஆனால் முதுகிலிருந்து மூட்டையை இறக்கும்போதெல்லாம், மூட்டை தூக்காமலே காசு வருகிற வழி ஒன்று எங்கோ இருக்கிறது, தன் கண்ணில் மட்டும் படவில்லை என்று நினைத்துக்கொள்வான். "ஒரே ஒரு லைன் மாட்டணும் பாப்பா. மாட்டிருச்சுன்னா அப்புறம் கால் மேல காலுதான்" என்பான்.

லாட்டரிச் சீட்டு விற்றான். விற்காமல் மிஞ்சிய சீட்டில்தான் பரிசு இருக்கும் என்று திருப்பிக் கொடுக்காமல் தானே வைத்துக்கொள்வான். முயல் வளர்த்தான். ஒன்று பத்தாகும் என்றார்கள், பத்தானது. கறிக்கடைக்காரர் வந்து நின்றபோது ஒன்றைக்கூட எடுத்துக் கொடுக்க அவனுக்கு மனசு வரவில்லை. "இது இப்பத்தான்ணே பால் மறந்துச்சு" என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் சொன்னான். கடைசியில் கூண்டைத் திறந்து எல்லாவற்றையும் கரட்டுப் பக்கம் விட்டுவிட்டு வந்தான். அதற்குப் பிறகு டெக்கும் டி.வி.யும் வாடகைக்கு எடுத்து விசேஷ வீடுகளில் படம் போட்டான். தேவாரத்தில் ஒரு காதுகுத்து வீட்டில் பாதிப் படத்தில் நாடா சிக்கிக்கொண்டது. மீதிக் கதையை அவனையே எழுந்து நின்று சொல்ல வைத்தார்கள். சண்டைக் காட்சியும் செய்து காட்டினானாம். அதைக் கேட்டு நீ சிரித்த சிரிப்பில் அடுப்பில் இருந்த பால் பொங்கி வழிந்தது.

அவன் மட்டும்தான் சுலபமான காசைத் தேடினான் என்று தெருவில் சொல்வார்கள். நீயும் தேடினாய். அதை நீ மறைத்ததே இல்லை. பக்கத்து வீட்டுக்காரி ஒருநாள், "பாடுபட்டுச் சம்பாதிச்சாத்தான் ஒட்டும்" என்று சொன்னபோது, உன் காலைத் திருப்பிக் காட்டினாய். கெண்டைக்காலில் அட்டை கடித்துப் புண்ணாகி ஆறிய வட்டங்கள், காசுகளை ஒட்டி வைத்தது போல. "நான் எட்டு வயசுல இருந்து பாடுபட்டுப் பாத்துட்டேன் அக்கா. அதுல ஒன்னும் இல்ல. மழையில நனையாம, நெழல்ல உக்காந்து, நாலு பேரோட பேசிக்கிட்டே காசு வரணும். அப்பிடி ஒரு சோலி இல்லாமலா போகும்?"

அண்ணன் அதைக் கேட்டு, "பாத்தியா, என் பொண்டாட்டிக்கும் என் புத்திதான்" என்று பூரித்துப்போனான். நீங்கள் இருவரும் ஒரே பொருளைத் தேடுவதாகத்தான் அன்று நானும் நினைத்தேன்.

அந்தச் சோலியை நீ கண்டுபிடித்தது ரயில்வே ஸ்டேஷனில். நான் அத்தை என்று கூப்பிடுகிற உன் அம்மாவும் அப்போது மலையை விட்டு இறங்கி வந்திருந்தார். பனியில் இருமல் நிற்காமல் போனதால் மேலே வேலை செய்யக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கீழே ஏலக்காய் வியாபாரி ராவுத்தரின் கிட்டங்கியில், மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து காய் தரம் பிரித்துப் பொறுக்கும் வேலை கிடைத்திருந்தது. அந்த ஏற்பாட்டைச் செய்தது நீ. ஸ்டேஷன் பக்கத்தில் அத்தைக்கு ஒற்றை அறை பிடித்துக்கொடுக்கப் போயிருந்தோம். யாரோ பெரிய மனிதர் மதுரை ரயிலில் வந்து இறங்கியிருந்தார். அவர் போன பிறகு பிளாட்பாரம் முழுக்க ரோஜா மாலைகள், மிதிபட்டுக் கிடந்தன. நீ ஒன்றைக் காலால் புரட்டிப் பார்த்தாய்.

"இம்புட்டும் குப்பைக்கா?"

"வேற எதுக்கு? வாடிப்போச்சுல்ல" என்றேன்.

"வாடாததைப் போட்டா?"

சாமிக்கு ஏலக்காய் மாலை போடுவார்கள் என்று நாங்களும் கேள்விப்பட்டதுதான். கடைக்கும் கல்யாணத்துக்கும் அதை விற்கலாம் என்று எங்கள் தெருவில் யாருக்கும் தோன்றவில்லை. ஏலக்காயில் குளித்து எழுகிற ஊரில் அதை யார் கழுத்தில் போட்டுக்கொள்வார்கள்?

நீ முதல் மாலை கட்டியபோது நான்தான் நூலில் மெழுகு தேய்த்துக் கொடுத்தேன். காயை ஈரத்துணியில் சுற்றி வைத்து, பதமானதும் எடுத்தாய். நான் ஒன்றை வாங்கி நடுவில் ஊசியை ஏற்றினேன். கையில் பட்டென்று ஓர் அடி.

"வயித்துல குத்தாதே புள்ள. காம்பு கிள்ளுன முனை இருக்குல்ல, அங்கன குத்து. உள்ளாற ஏலரிசி இருக்கு. வயித்துல குத்துனா அரிசி நொறுங்கும், வாசம் போயிரும், நாளைக்கு வெலை போகாது."

"கழுத்துல போடத்தானே மதினி? யாரு ஒடச்சுப் பாக்கப் போறா?"

"இந்த ஊர்ல ஒடைக்காம விடுறவன் எவன் இருக்கான், காட்டு."

நீ சொன்னது சரிதான். மறுநாள் ராவுத்தர் கிட்டங்கிக்கு மாலையைக் கொண்டுபோனோம். அவர் கையில் வாங்கினார், கண்ணால் பார்க்கக்கூட இல்லை. கட்டைவிரல் நகம் தானாகவே ஒரு காயைப் பிளந்தது. இந்த ஊர் ஏலக்காய் வியாபாரிகள் எல்லோரும் அப்படித்தான். காய் கையில் பட்டால் நகம் சும்மா இருக்காது. பேசிக்கொண்டே பிளப்பார்கள், அரிசியைப் பார்ப்பார்கள், வாயில் போட்டுக்கொள்வார்கள். பிளந்ததே அவர்களுக்குத் தெரியாது.

"என்னாத்தா, நல்ல காயை நூல்ல கோத்துக் கொண்டாந்திருக்க. கிறுக்குப் பிடிச்சிருக்கா?"

"இல்ல மொதலாளி. பம்பாய்க்காரங்க வந்தா ரோசாப்பூ மாலை போடுறீக. ஜீப்புல ஏறுறதுக்குள்ள வாடிப்போகுது. இதைப் போடுங்க. ஊருக்குக் கொண்டுபோயி டீயில தட்டிப் போட்டுக்கிருவாக. கொண்டுபோகலையா, நீங்களே பிரிச்சு மூடையில கொட்டிக்கங்க. காய் உங்களது. கட்டுற கூலி மட்டும் எனக்கு."

"ஓட்டை போட்ட காயை எவன் வாங்குவான்?"

"எங்கின ஓட்டைன்னு பாருங்க மொதலாளி."

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தேடினார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துத் தேடினார். பிறகு உன் அம்மாவைப் பார்த்து, "உம் மக கைக்குத் தங்கக் காப்பு போடணும்" என்றார். அத்தை காய் புடைக்கிற சொளகை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டார். அழுதாரா சிரித்தாரா என்று எனக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு நம் வீட்டில் எப்போதும் ஒரு மாலை பாதி கட்டியபடி கிடந்தது. கல்யாணம், கடைத்திறப்பு, பள்ளி ஆண்டுவிழா. நீ கட்டுவாய், நான் பக்கத்தில் உட்கார்ந்து வரலாறு ஒப்பிப்பேன். "அந்த ராசா தோத்ததுக்கு ஏதோ காரணம் சொன்னியே, அதை விட்டுட்ட" என்று ஊசியை நிறுத்தாமல் சொல்வாய். நிழலில் உட்கார்ந்து, பேசிக்கொண்டே காசு. நீ கேட்டது அப்படியே கிடைத்துவிட்டது. அந்த வருஷம் அண்ணன் எந்தத் தொழிலையும் தேடவில்லை. லோடு இறக்கிவிட்டு வந்து நமக்கு டீ போட்டுக் கொடுத்தான். அந்த வருஷத்தை நினைத்தால் எனக்கு அவன் மேல் கோபம் வர மாட்டேன் என்கிறது. அதுதான் பயமாக இருக்கிறது.

புரட்டாசியில் ராவுத்தர் கூப்பிட்டு அனுப்பினார். தை மாதம் அவர் மகனுக்குக் கல்யாணம். கம்பத்திலிருந்து சம்பந்தி வீட்டார் வருகிறார்கள், எல்லோரும் ஏலக்காய் வியாபாரிகள். பெரியவர்களுக்குப் போட ஒரு டஜன் மாலை. அவரே மூட்டையில் கை விட்டுப் பார்த்து, உருண்டு திரண்ட பச்சைக் காயாக அளந்து கொடுத்தார். நீ அப்போதே சுருண்டு சுருண்டு படுத்துக்கொண்டிருந்தாய். கண் மஞ்சளான பிறகும் ஊசியைக் கீழே வைக்கவில்லை. ஒரு டஜனும் முடிந்தது. சிந்தியதும் சிதறியதும் சேர்த்து எனக்கு இந்தச் சின்ன மாலை. ராவுத்தரிடம் சொல்லிவிட்டுத்தான் கட்டினாய். "படிக்கிற பிள்ளைக்குத்தானே, கட்டிக்கொடு" என்றாராம்.

மதுரைப் பெரியாஸ்பத்திரிக்கு ரயிலில் கொண்டுபோனோம். கம்பார்ட்மெண்டில் என் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தாய். கடைசியாக என்னிடம் தெளிவாகச் சொன்னது இதுதான்: "ராவுத்தர் வீட்டு மாலை பரண் மேல டப்பாக்குள்ள இருக்கு. எலி வராமப் பாத்துக்க."

திரும்பி வரும்போது வாடகை வேனில் வந்தாய்.

மார்கழியில் ஒருநாள் மத்தியானமே பள்ளிக்கூடம் விட்டுவிட்டார்கள். வீட்டுக்கு வந்தால் கொல்லையில் அண்ணன் ஊசியும் நூலுமாக உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் ஒரு சாக்கு, ஒரு வாளித் தண்ணீர். விரல் நுனியெல்லாம் பச்சை.

"என்னண்ணே பண்ற?"

"நூல் இத்துப்போச்சு பாப்பா. கல்யாணப் பந்தல்ல அந்து விழுந்தா மானக்கேடு. மாத்திக் கோக்குறேன்."

"தண்ணி ஏன் பச்சையா இருக்கு?"

"காயி சாயம் எறங்கிருச்சு. நீ போயிச் சாப்புடு."

ஊசியே பிடித்தறியாதவன். விரலில் குத்திக்கொண்டு சூப்பிக்கொண்டிருந்தான். உன் மாலை அறுந்துவிடக் கூடாது என்று இவ்வளவு பாடுபடுகிறானே என்று நினைத்தேன் மதினி. உள்ளே போய் உட்கார்ந்து உனக்காகவும் அவனுக்காகவும் சேர்த்து அழுதேன்.

கல்யாணத்துக்கு நானும் போனேன். மாலைகளைத் தட்டில் வைத்துக் கொண்டுபோனதே நான்தான். கம்பத்துக்காரர்கள் வெள்ளைச் சட்டையில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவர் கழுத்திலும் ராவுத்தர் தன் கையால் போட்டார். "இது எங்க ஊர் பூ" என்று பெருமையாகச் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். பேச ஆரம்பித்தார்கள். பேச ஆரம்பித்ததும் நகம் சும்மா இருக்குமா?

முதலில் ஒரு பெரியவர். பிளந்தார், வாயில் போடப் போனவர் கையைப் பார்த்தார். இன்னொன்றைப் பிளந்தார். பக்கத்தில் இருந்தவரை முழங்கையால் இடித்தார். அவரும் பிளந்தார். வரிசை முழுக்கப் படக் படக்கென்று சத்தம். எல்லாம் வெத்துக்காய், மதினி. உள்ளே ஓர் அரிசி இல்லை. பொறுக்கும்போது கழித்துப் போடுகிற, முற்றாத, காற்று அடைத்த காய். அதற்குப் பச்சைச் சாயம்.

"என்னா சம்பந்தி," என்றார் அந்தப் பெரியவர், "காத்தைக் கோத்து மாலை போட்டிருக்கீக? பொண்ணுக்குப் போட்ட நகையும் இப்பிடித்தானா?"

பந்தலே சிரித்தது. வியர்வையில் சாயம் இறங்கி அவர்கள் சட்டைக் காலரெல்லாம் பச்சையாகிக்கொண்டிருந்தது. ராவுத்தர் சிரிக்கவும் முடியாமல் நின்றார். அவர் முகத்தை நீ பார்க்காமல் போனது நல்லது.

மறுநாள் அண்ணனைக் கூப்பிட்டார். நானும் கூடப் போனேன். கிட்டங்கியில் அத்தையும் மற்றவர்களும் காய் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். அத்தனை பேர் முன்னாலும் அண்ணன் சொன்னான்.

"எனக்கென்ன தெரியும் மொதலாளி? கோத்தது பூராம் அவ. டப்பாவை நான் தெறந்தே பாக்கல. மலைக்காரி, மனசுக்குள்ள என்ன இருந்துச்சோ. அவளே போயிச் சேந்துட்டா. இப்ப நான் யாரைப் போயிக் கேக்க?"

அத்தையின் சொளகு அசையாமல் நின்றுவிட்டது.

"செத்தவளைப் பத்தி எம் வாயால ஒன்னும் சொல்லமாட்டேன். போ" என்றார் ராவுத்தர். ஆனால் அந்த மாலைகளில் ஒன்றைக் கிட்டங்கி வாசலில் ஆணியடித்துத் தொங்கவிட்டார். இன்றும் தொங்குகிறது. காய் பொறுக்க வருகிற பெண்கள் அதைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போகிறார்கள். ஒரு வாரம் அத்தை அதற்குக் கீழே குனிந்து போய்வந்தார். அப்புறம் கணக்கப்பிள்ளை சொல்லிவிட்டார்: "மக கை அப்பிடின்னா தாய் கையை எப்பிடி நம்புறது? நாளையில இருந்து வரவேணாம்." மற்ற கிட்டங்கிகளிலும் அதே பேச்சு. இப்போது மாசி. அத்தையிடம் வாடகைக்கும் இல்லை, அரிசிக்கும் இல்லை. எஸ்டேட்டுக்கே திரும்பிப் போகிறார். நாளைக் காலை முதல் ஜீப்பு. அந்த நெஞ்சோடு, அந்தப் பனிக்கு.

இன்று பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் அவர் அறைக்குப் போனேன். துணி மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். என் கையைப் பிடித்துக் கேட்டார்.

"எம் மக அப்பிடிச் செய்வாளா ஆத்தா? நீ கூடவே இருந்தவதானே?"

"இல்ல அத்தை. சத்தியமா இல்ல."

"மதி" என்றார். உன்னைப் போலவே. "நீ சொன்னியே, அது மதி." கண்ணைத் துடைத்துக்கொண்டு மூட்டையை இறுக்கினார்.

எனக்கு அது போதவில்லை மதினி. வழியெல்லாம் அதுதான் காதில் கேட்டது. யாரும் இல்லாத அறைக்குள் ஒருத்தி இன்னொருத்தியிடம் சொன்னது எப்படிப் போதும்?

வீட்டுக்கு வந்தால் நடுவீட்டில் நாலு சாக்கு. எல்லாம் வெத்துக்காய். அண்ணன் முகம் முழுக்கச் சிரிப்பு.

"லைன் மாட்டிருச்சு பாப்பா! மதுரையில ஒரு மாலைக் கடைக்காரன் மொத்தமாக் கேக்குறான். மதுரைக்காரனுக்கு என்ன தெரியும்? ஒடைக்கவா போறான்? கழுத்துல போட்டுப் போட்டோ எடுப்பான், அம்புட்டுத்தான். குப்பை வெலைக்கு வாங்கி மாலை வெலைக்கு விக்கிறோம். உக்காந்து கட்ட வேண்டியதுதான் உன் சோலி. பரீட்சையை அடுத்த வருசம் எழுதிக்கலாம்."

"ராவுத்தர் வீட்டுக் காயை நீதான் வித்தியா?" என்று கேட்டுவிட்டேன். எப்படிக் கேட்டேன் என்று தெரியவில்லை.

அடிப்பான் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. சாக்கின் மேல் உட்கார்ந்தான். குரலே மாறிவிட்டது.

"அவ போயிட்டா. அவளுக்கு இனிமே நல்ல பேரு வந்து என்ன ஆகப்போகுது? நான் இருக்கேன். நீ வெளிய சொன்னேன்னா என்னைப் போலீசுல பிடிச்சுக் குடுத்துருவாக. அப்புறம் நீ யார்கிட்டப் போயி நிப்ப? யோசிச்சுக்க. நாளையில இருந்து பள்ளிக்கூடம் வேணாம்."

சொல்லிவிட்டு வெளியே போனான். அவன் திரும்புவதற்குள் எழுதி முடிக்க வேண்டும்.

யோசித்தேன் மதினி. முயலைக் கரட்டில் விட்டுவிட்டு வந்து சாப்பிடாமல் படுத்திருந்த அண்ணன்தான் இதைச் சொன்னான். அவனை விட்டால் எனக்கு யாரும் இல்லை என்பதும் உண்மைதான். ஆனால் அவன் சொன்னதில் ஒன்று தப்பு. உனக்கு நல்ல பேர் வந்து ஆக வேண்டியது இருக்கிறது. அந்தப் பேரை வைத்துத்தான் அத்தை கீழே சோறு சாப்பிட்டார். அது போனதால்தான் நாளை மலை ஏறுகிறார்.

மடியில் உன் மாலையை வைத்துக்கொண்டு ஒவ்வொரு காயாகத் தடவிப் பார்த்தேன். எல்லாம் காம்பு முனையில் குத்தியது. ஒன்றுகூட வயிற்றில் இல்லை. பிறகு சாக்கிலிருந்து அண்ணன் மாதிரிக்காகக் கோத்து வைத்திருந்த சரத்தை எடுத்துப் பார்த்தேன். எல்லாம் நடு வயிற்றில். வெறுங்காய்தானே, ஊசி எங்கே இறங்கினால் என்ன? அவனுக்கு நீ சொல்லிக்கொடுத்ததும் இல்லை. அப்போதுதான் கிட்டங்கி வாசல் மாலை நினைவு வந்தது. அதற்குக் கீழே எத்தனை தடவை போயிருக்கிறேன். அதுவும் நடு வயிற்றில்தான். ராவுத்தர் கோபத்தில் காய்க்குள் இருந்ததைப் பார்த்தார், ஓட்டையைப் பார்க்கவில்லை. அவர் மட்டும் கண்ணாடி போட்டுப் பார்த்தால், அது உன் கை இல்லை என்று யாரும் சொல்ல வேண்டியதே இல்லை.

அதனால் நாளை இப்படிச் செய்யப்போகிறேன். இருட்டு கலைவதற்கு முன்னால் எழுந்துவிடுவேன். ராவுத்தர் விடியற்காலைத் தொழுகை முடிந்து நேரே கிட்டங்கிக்குத்தான் வருவார்; வாசல் பெஞ்சில் உட்கார்ந்து டீ குடிப்பார். அந்த வாசலைத் தாண்டித்தான் ஜீப்பு ஸ்டாண்டுக்குப் போக வேண்டும். ஆள் நிரம்பாமல் ஜீப்பு எடுக்க மாட்டார்கள். நேரம் இருக்கிறது. அத்தையை அந்த வழியில் கையைப் பிடித்து நிறுத்துவேன். உன் மாலையை எடுத்து, ஆணியில் தொங்குகிற மாலைக்குப் பக்கத்தில் பிடிப்பேன். "கண்ணாடியைப் போட்டுக்கங்க மொதலாளி. எங்கின ஓட்டைன்னு பாருங்க" என்பேன். அவ்வளவுதான் நான் மனப்பாடம் செய்திருப்பது. இது செய்யுளை விடச் சின்னது. வராமல் போகாது.

அப்புறம் அவர் அண்ணனைப் பற்றிக் கேட்பார். பொய் சொல்ல மாட்டேன். பரீட்சை முடிந்ததும் நானும் அத்தையும் அவருக்கு மாலை கட்டிக் கொடுத்து, போன காயை ஈடு கட்டுகிறோம், போலீசுக்குப் போகாதீர்கள் என்று காலைப் பிடிப்பேன். கேட்பாரா, தெரியாது. அண்ணன் என்னை மன்னிப்பானா, அதுவும் தெரியாது. ஆனால் அந்த நாலு சாக்கில் ஒரு காயைக்கூட நான் கோக்க மாட்டேன். பரீட்சையும் எழுதுவேன். இதை இங்கே எழுதிவிட்டேன். பார், எழுத்து நேராக வருகிறது.

மதினி, நீ எனக்குச் சமையல் சொல்லிக்கொடுக்கவில்லை. கோலம் சொல்லிக்கொடுக்கவில்லை, உனக்கே வராது. ஊசி எங்கே இறங்க வேண்டும் என்பதைத்தான் கையில் அடித்துச் சொன்னாய். யார் உடைத்துப் பார்க்கப் போகிறார்கள் என்று கேட்டதற்கு அந்த அடி. அது இன்னும் என் கையில் இருக்கிறது. நாளை அந்தக் கையால்தான்

கதவு தட்டுகிறது. "பாப்பா, இன்னும் வெளக்கு எரியுதே, என்ன பண்ற? தெற." அண்ணன்.

மாலையைப் பெட்டிக்குள் வைக்கவில்லை மதினி. கழுத்தில் போட்டுக்கொண்டுவிட்டேன். கதவைத்